பிரெஞ்சு லீக் சாம்பியன்கள் பட்டியலில் 1993க்கு நேரே என்ன எழுதுவது?

உப்பளம் வாசகன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பிரான்சின் தேசிய நாளான ஜூலை 14ஐ ஒட்டி எங்கள் தெரு இளைஞர் மன்றத்தில் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு ஒரு வினாடி வினா வைப்பது வழக்கம். புதுச்சேரியில் இருந்துகொண்டு அந்த நாளில் பிரான்சைப் பற்றிக் கேட்காமல் இருக்க முடியாது. எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு அங்கே ஒரு பெரியப்பாவோ சித்தியோ இருக்கிறார்கள். இந்த ஆண்டு கால்பந்துக்கென்று தனிச் சுற்று ஒன்றைச் சேர்த்ததுதான் வம்பாகப் போயிற்று.

"1992–93 பருவத்தில் பிரெஞ்சு முதல் பிரிவு லீக்கின் சாம்பியன் யார்?" என்பது கடைசிக் கேள்வி. மூன்று அணிகளும் அட்டையில் எழுதித் தர வேண்டும். என் அண்ணன் மகன் இருந்த அணி "மார்செய்" என்று எழுதியது. இரண்டாவது அணி "பாரிஸ் சான் ஜெர்மான்" என்று எழுதியது. மூன்றாவது அணி ஒன்றும் எழுதாமல் வெற்று அட்டையை நீட்டியது. நடத்தியவர் பாரிஸுக்குப் பத்து மதிப்பெண் கொடுத்துக் கோப்பையையும் அந்த அணியிடமே தந்துவிட்டார். முதலிடம் பெற்றவரின் பட்டம் பறிபோனால் இரண்டாம் இடத்தவருக்குத்தான் அது போகும் என்பது அவருடைய வாதம். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் ஒரு பட்டியலில் அந்த ஆண்டுக்கு நேரே ஒரு கோடு மட்டுமே இருக்கிறது. இன்னொன்றில் மார்செய் என்று எழுதி அடிக்குறிப்பு போட்டிருக்கிறார்கள். அதே பட்டியலில் 1939க்கும் 1946க்கும் இடையிலும் யாருடைய பெயரும் இல்லை.

பிள்ளைகள் இன்னும் முறைத்துக்கொண்டு திரிகிறார்கள். விவரம் அறிந்தவர்கள் அந்த ஆண்டில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொன்னால், மன்றத்தில் படித்துக் காட்டி முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

முத்தியால்பேட்டை ஆசிரியர்

உங்கள் மன்றத்தில் நடத்தியவர் அவசரப்பட்டுவிட்டார். 1992–93 பருவத்துக்குச் சாம்பியன் எவரும் இல்லை என்பதே சரியான விடை. களத்தில் முதலிடம் பிடித்தது மார்செய்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்தப் பட்டம் பின்னர் பறிக்கப்பட்டது, வேறு எவருக்கும் கொடுக்கப்படவும் இல்லை.

நடந்தது இதுதான். 1993 மே 20 அன்று வலான்சியென் நகரில், தரமிறக்கத்தைத் தவிர்க்கப் போராடிக்கொண்டிருந்த உள்ளூர் அணியை மார்செய் எதிர்கொண்டது. ஆறே நாளில், மே 26 அன்று, மியூனிக்கில் ஏ.சி. மிலானுடன் ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் இருந்தது. தன் ஆட்டக்காரர்கள் அடிபடாமல் மியூனிக் போய்ச் சேர வேண்டும், லீக் பட்டமும் கை நழுவக் கூடாது என்று மார்செய் தரப்பு விரும்பியது. ஆகவே மார்செய் நடுக்கள ஆட்டக்காரர் ழான்-ழாக் எதெலி, வலான்சியென் அணியில் தமக்கு முன்பே பழக்கமான மூவரைத் தொடர்புகொண்டு, "அடக்கி வாசியுங்கள், பணம் வரும்" என்று பேசினார். அவருக்குப் பின்னால் கழகத்தின் நிர்வாகி ழான்-பியேர் பெர்னேஸ் இருந்தார். பேசப்பட்ட மூவர் ழாக் கிளாஸ்மான், கிறிஸ்தோஃப் ரொபேர், ஹோர்ஹே புருச்சாகா. கடைசிப் பெயரைப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1986 உலகக் கோப்பை இறுதியில் அர்ஜென்டினாவுக்கு வெற்றி கோலை அடித்தவர் அவரேதான். அப்படிப்பட்டவர் ஏழு ஆண்டுகளில் இப்படியொரு பேச்சில் வந்து நின்றதை நினைத்தால் எனக்கு இன்றும் கசப்பாகவே இருக்கிறது.

கிளாஸ்மான் மட்டும் மறுத்துவிட்டார். மறுத்ததோடு நிற்காமல், தம் பயிற்சியாளரிடம் சொல்லி, இடைவேளையில் நடுவரின் காதுக்கும் விஷயம் போகும்படி செய்தார். ஆட்டத்தில் மார்செய் 1–0 என்று வென்றது. மியூனிக்கிலும் பாசில் போலி தலையால் முட்டிய ஒரே கோலில் வென்று, ஐரோப்பியக் கோப்பையை முதன்முதலாகப் பிரான்சுக்குக் கொண்டுவந்தது. மே 29 அன்று சொந்த மைதானத்தில் பாரிஸை 3–1 என்று சாய்த்து லீக்கையும் உறுதிசெய்தது. ஒன்பது நாளில் அத்தனையும் கையில் இருந்தது.

பிறகு விசாரணை வந்தது. பெரிகோ நகரில் ரொபேரின் உறவினர் வீட்டுத் தோட்டத்தைக் காவலர்கள் தோண்டியபோது, 2,50,000 பிராங்க் வைத்த உறை ஒன்று மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. செப்டம்பரில் ஐரோப்பிய கால்பந்துச் சங்கம் மார்செய்யை அந்த ஆண்டுப் போட்டியிலிருந்து நீக்கியது. அதே மாதம் 22ஆம் தேதி பிரெஞ்சு சம்மேளனம் லீக் பட்டத்தைப் பறித்தது. அடுத்த பருவத்தின் முடிவில் கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. அமைச்சராகவும் இருந்த கழகத் தலைவர் பெர்னார் தாப்பி வழக்கில் தண்டிக்கப்பட்டு 1997இல் சிறைக்குப் போனார். ஐரோப்பியக் கோப்பையை மட்டும் யாரும் திரும்பக் கேட்கவில்லை, ஏனென்றால் குற்றச்சாட்டு லீக் ஆட்டத்தைப் பற்றியது. உண்மையைச் சொன்ன கிளாஸ்மானுக்கு 1995இல் ஃபிஃபா நேர்மை விருது கொடுத்தது. அதற்கு முன்பு அவர் பந்தைத் தொட்டபோதெல்லாம் மைதானம் மைதானமாக ஊளையிட்டார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இனி, பாரிஸுக்கு ஏன் போகவில்லை? இரண்டாம் இடம் பாரிஸ் சான் ஜெர்மானுக்குத்தான். ஆனால் அந்தக் கழகமே பட்டத்தை ஏற்க மறுத்துவிட்டது. அப்போது அதன் உரிமையாளர் கனால் பிளஸ் தொலைக்காட்சி நிறுவனம். மார்செய் வட்டாரத்துச் சந்தாதாரர்கள் கோபித்துக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள் என்ற அச்சமே காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. மார்செய்யின் இடத்தில் ஐரோப்பியப் போட்டிக்கு மூன்றாமிடத்து மொனாக்கோ போயிற்று. லீக் பட்டியலில் கோடு மட்டும் மிஞ்சியது.

மஞ்சக்குப்பம் ரசிகர்

ஆசிரியர் ஐயா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நடத்தியவரின் வாதம் முற்றிலும் ஆகாயத்திலிருந்து குதித்ததல்ல. இத்தாலியில் 2006இல் ஆட்ட ஊழல் வழக்கு ஒன்றில் யுவெந்தஸ் கழகத்தின் இரண்டு பட்டங்கள் பறிக்கப்பட்டன. 2004–05 பட்டம் எவருக்கும் கொடுக்கப்படாமல் விடப்பட்டது. 2005–06 பட்டமோ மூன்றாம் இடத்தில் முடித்த இன்டர் கழகத்துக்குப் போனது. ஒரே வழக்கு, ஒரே நாடு, அடுத்தடுத்த ஆண்டுகள், இரண்டு வேறு தீர்ப்புகள். ஆகவே "அடுத்தவருக்குத்தான் போகும்" என்று பொதுவாகச் சொல்வதற்கில்லை. அந்தந்த ஆண்டுக்கு அந்தந்த நாட்டுச் சம்மேளனம் எடுத்த முடிவு எது என்றுதான் பார்க்க வேண்டும்.

கடலூரில் நாங்கள் நடத்தும் வினாடி வினாக்களில் இப்படிப்பட்ட கேள்வியை முன்கூட்டியே இரண்டு பேரிடம் கொடுத்துச் சரிபார்த்துவிடுவோம். புதுச்சேரிக்காரர்களுக்குப் பிரான்ஸ் என்றால் சரிபார்க்கவே தேவையில்லை என்ற நம்பிக்கை போலும்! போர்க்கால இடைவெளியைப் பற்றி நானும் அறிய விரும்புகிறேன். அந்த ஆறு ஆண்டுகளும் ஆட்டமே நடக்கவில்லையா?

ஓய்வுபெற்ற சொல்தா

தம்பிகளுக்கு வணக்கம். நான் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பியவன். அங்கிருந்த காலத்தில் லெக்கிப் என்ற விளையாட்டுப் பத்திரிகையைத் தவறாமல் படித்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

போர்க்காலத்தில் ஆட்டம் நிற்கவில்லை. நாடே துண்டுபட்டுக் கிடந்ததால் வடக்கு, தெற்கு என்று பகுதி பகுதியாகப் பிரித்து ஆடினார்கள். 1943–44இல், ஜெர்மானியரோடு ஒத்துழைத்த விஷி அரசு ஒரு படி மேலே போய், தொழில்முறைக் கழகங்களை ஒதுக்கிவிட்டு, மாநிலப் பெயர்களில் அரசே அமைத்த பதினாறு அணிகளைக் களத்தில் இறக்கியது. அதில் வென்றது லான்ஸ்-அர்த்துவா என்ற அணி. 1944–45இல் ரூவான் வென்றது. போர்க்காலப் போட்டிகள் என்பதால் இவை எவையும் கணக்கில் சேர்க்கப்படவில்லை. 1939இல் செத் வென்றதற்குப் பிறகு அடுத்த அதிகாரபூர்வச் சாம்பியன் 1946இன் லீல்தான். ஆக, அந்த இடைவெளி வேறு, 1993இன் கோடு வேறு. முன்னதில் அதிகாரபூர்வ லீக்கே இல்லை. பின்னதில் லீக் முழுதாக ஆடி முடிக்கப்பட்டது.

இன்னும் பின்னோக்கிப் போனால், பட்டியலின் முதல் வரியிலேயே கறை இருக்கிறது. தொழில்முறை ஆட்டத்தை 1932இல் அனுமதித்து, இருபது கழகங்களை இரண்டு பிரிவாக்கி முதல் லீக்கை நடத்தினார்கள். இரு பிரிவுகளிலும் முதலிடம் பெறுவோர் இறுதியில் மோத வேண்டும். ஒரு பிரிவில் முதலாக வந்த அந்திப் கழகம், ஃபீவ் அணியுடன் ஆடிய ஆட்டத்தில் பணம் கைமாறியது என்ற ஐயத்தின் பேரில் விலக்கப்பட்டது. அதற்குப் பதிலாகக் கான் சென்று, ஒலிம்பிக் லீல்வாவிடம் 4–3 என்று தோற்றது. அறுபது ஆண்டு கழித்து வலான்சியெனில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றியிருக்காது. அந்த லீல்வாவும் ஃபீவும் 1944இல் ஒன்றாக இணைந்துதான் இன்றைய லீல் கழகம் பிறந்தது. ஆனாலும் 1933 பட்டத்தை லீலின் கணக்கில் சேர்க்காமல் தனியாகத்தான் காட்டுகிறார்கள்.

என் காலத்துக்கு வருகிறேன். பட்டியலை மேலிருந்து கீழாக வெறும் பெயர்களாகப் படித்தால் சலிப்பு தட்டும். எந்தப் பெயர் எத்தனை காலம் நிலைத்தது என்று பார்த்தால்தான் சுவை. ஐம்பதுகளில் ரேம்ஸ், ஆல்பேர் பத்தே பயிற்சியளிக்க, கோப்பாவும் ஜூஸ்த் ஃபோந்தேனும் ஆடிய அணி. 1949 முதல் 1962 வரை ஆறு பட்டங்கள். இரண்டு முறை ஐரோப்பியக் கோப்பை இறுதிக்குப் போய், இரண்டு முறையும் ரியல் மாட்ரிட்டிடம் தோற்றது. பிறகு சேன்த்-எத்தியென் வந்தது. சுரங்கத் தொழிலாளர் ஊர், பச்சைச் சட்டை. அந்தப் பச்சை, கழகத்தைத் தொடங்கிய ஊழியர்கள் வேலை பார்த்த கசினோ என்ற மளிகைக் கடைகளின் நிறம் என்பது பலருக்குத் தெரியாது. 1967 முதல் 1970 வரை தொடர்ந்து நான்கு, 1974 முதல் 1976 வரை மூன்று. அவர்களிடம் நாங்கள் கிறங்கிப் போயிருந்தோம். 1976 மே 12 அன்று கிளாஸ்கோவில் பயர்ன் மியூனிக்குடன் ஐரோப்பிய இறுதி. படைமுகாம் உணவுக்கூடத்தில் மேசை மேல் மேசை போட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியை ஏற்றி வைத்திருந்தார்கள். பத்தனே அடித்த பந்தும் சந்தினி முட்டிய பந்தும் குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பின. 0–1 என்று தோற்றோம். அந்த மைதானத்தின் கோல் கம்பங்கள் உருண்டையாக இல்லாமல் சதுரமாக இருந்தன. உருண்டையாக இருந்திருந்தால் பந்து உள்ளே போயிருக்கும் என்று அன்று இரவு தொடங்கிய வழக்கு இன்னும் தீரவில்லை. அந்தக் கம்பங்களையே 2013இல் விலைக்கு வாங்கித் தங்கள் காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். தோற்ற அணியை மறுநாள் பாரிஸின் ஷான்செலிசேயில் ஊர்வலமாக அழைத்துப் போனார்கள் என்றால் பாருங்கள்.

அந்த அணியின் பத்தாவது பட்டம் 1981இல் ஆட்டக்காரர் பிளாத்தினியோடு வந்தது. மறு ஆண்டே கழகத்தில் கணக்கில் வராத ரகசியப் பண இருப்பு ஒன்று அம்பலமாகி, தலைவர் ரொஷே சிறைக்கும் போனார். ஆனால் பட்டம் பட்டியலில் அப்படியே இருக்கிறது. ஆட்டத்தை விலைக்கு வாங்கியதும் ஆட்டக்காரருக்கு மறைவாகச் சம்பளம் கொடுத்ததும் ஒன்றல்ல என்பது சட்டத்தின் பார்வை. எனக்கு வாய்த்த அணி என்பதால் நானும் அதை ஆட்சேபிக்கப் போவதில்லை.

உப்பளம் வாசகன்

ஐயா இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை மன்றத்தில் இதை உரக்கப் படித்தேன். தோட்டத்தில் புதைத்த பணம் வந்த இடத்தில் பிள்ளைகள் கைதட்டினார்கள். அது எதற்கான கைதட்டல் என்று எனக்கு விளங்கவில்லை. நடத்தியவரும் கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் இப்போது வேறு இரண்டு ஐயங்களைக் கிளப்புகிறார். மொனாக்கோ தனி நாடாயிற்றே, அது எப்படிப் பிரெஞ்சுச் சாம்பியன் ஆகும் என்பது ஒன்று. 2020இல் பெருந்தொற்றால் பாதியில் நின்ற லீக்கில் பாரிஸுக்குப் பட்டம் கொடுத்தார்களே, அது மட்டும் செல்லுமா என்பது மற்றொன்று.

முத்தியால்பேட்டை ஆசிரியர்

மொனாக்கோ தனி நாடுதான். ஆனால் அந்தக் கழகம் பிரெஞ்சுச் சம்மேளனத்தில் பதிவுபெற்றது. சொந்தமாக ஒரு லீக் நடத்தும் அளவுக்கு அந்த நாட்டில் இடமும் இல்லை, ஆளும் இல்லை. 1961இல் தொடங்கி 2017 வரை எட்டு முறை வென்றிருக்கிறது. கடைசிப் பட்டம் எம்பாப்பே இளைஞனாக ஆடிய அணியுடையது. சட்டப்படி தடை இல்லை, வயிற்றெரிச்சல் உண்டு: அங்கே குடியிருக்கும் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு வருமான வரி கிடையாது. அது சமமான போட்டியா என்று மற்றக் கழகங்கள் 2013இல் பெரிதாகவே சண்டை பிடித்தன.

2020 விவகாரம் 1993ஐப் போன்றதல்ல. ஏப்ரல் 28 அன்று பிரதமர், பருவத்தைத் தொடர முடியாது என்று அறிவித்தார். இரண்டு நாள் கழித்து லீக் நிர்வாகம், ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை புள்ளி என்று கணக்கிட்டு நிலைகளை இறுதி செய்தது. பாரிஸ் 27 ஆட்டங்களில் 68 புள்ளி. அடுத்திருந்த மார்செய் 28 ஆட்டங்களில் 56. அந்த இடைவெளியைப் பார்த்த எவரும் சாம்பியன் யார் என்று சண்டையிடவில்லை. ஏழாமிடத்தில் மாட்டிக்கொண்டு ஐரோப்பிய வாய்ப்பை இழந்த லியோன்தான் கத்தியது. அதே வசந்தத்தில் நெதர்லாந்து லீக்கோ சாம்பியனே இல்லை என்று அறிவித்துவிட்டது. அங்கே முதலிரு அணிகளும் 56 புள்ளிகளோடு சமமாக நின்றன.

லியோனைச் சொன்னதால் ஒன்று. 2002 முதல் 2008 வரை தொடர்ந்து ஏழு பட்டங்கள் வென்றது அந்தக் கழகம். பிரான்சில் வேறு எவரும் அப்படிச் செய்ததில்லை. பிள்ளைகளுக்குக் கேள்வி வேண்டுமென்றால் இங்கேயே இருக்கிறது: 2003, 2004 சாம்பியன் அணியில் இருந்த விகாஷ் தோராசு, மொரீஷியஸ் வழி வந்த இந்திய வம்சாவளியினர். 2025 வரையிலான மொத்தக் கணக்கில் பாரிஸ் 13, சேன்த்-எத்தியென் 10, மார்செய் 9, மொனாக்கோவும் நாந்தும் எட்டு எட்டு, லியோன் 7, போர்தோவும் ரேம்ஸும் ஆறு ஆறு. 1993ஐச் சேர்த்திருந்தால் மார்செய்யும் சேன்த்-எத்தியெனும் சமம். ஆறு பட்டம் வாங்கிய போர்தோ 2024இல் பணமுடையால் தொழில்முறைத் தகுதியையே விட்டுவிட்டு நான்காம் நிலைக்குப் போய்விட்டது. பழைய பெயர்களைப் படிக்கும்போது மனம் கனக்கிற வரி அது.

மஞ்சக்குப்பம் ரசிகர்

மோன்பெலியேயை விட்டுவிட்டீர்களே ஐயா. 2012இல், கத்தார் நாட்டவர் வாங்கிப் பணம் கொட்டிய பாரிஸ் அணியை மூன்று புள்ளி வித்தியாசத்தில் முந்திய அணி அது. குப்பை அள்ளும் தொழிலில் பணம் சேர்த்த அதன் தலைவர் லூயி நிக்கோலின், வென்றதும் தலைமயிரைச் சேவல் கொண்டை போல் வெட்டிக் கழக நிறத்தில் சாயம் பூசிக்கொண்டார். ஒரே ஒரு பட்டம்தான், ஆனால் அந்தத் தலையை மறக்க முடியாது.

அது இருக்கட்டும். உப்பளத்தாரே, எனக்கு ஒரு கணக்கு உதைக்கிறது. மார்செய் என்று எழுதியவர்களும் தவறு, பாரிஸ் என்று எழுதியவர்களும் தவறு. அப்படியானால் வெற்று அட்டை கொடுத்த அந்த மூன்றாவது அணி?

உப்பளம் வாசகன்

அதே கேள்வியை அந்த அணியின் பதினோரு வயதுத் தலைவி மன்றத்தில் எழுந்து நின்று கேட்டுவிட்டாள். தெரியாமல் விட்டதா, யாருமில்லை என்று தெரிந்து விட்டதா என்று நடத்தியவர் கேட்டார். "அட்டையில் இருப்பதைத்தானே திருத்த வேண்டும்?" என்று திருப்பிக் கேட்டாள். பத்து மதிப்பெண்ணும் அவர்களுக்குப் போனால் கோப்பையும் அவர்களுக்குத்தான். பாரிஸ் அணிப் பிள்ளைகள் கோப்பையைத் திரும்பக் கொண்டுவந்து மேசை மேல் வைத்துவிட்டார்கள். என் அண்ணன் மகன் மட்டும், களத்தில் வென்றது மார்செய்தானே என்று இன்னும் முனகுகிறான். ஞாயிற்றுக்கிழமை மாலை மறு சுற்று. தயவுசெய்து யாராவது சாம்பியன் உள்ள ஓர் ஆண்டாகப் பார்த்து ஐந்து கேள்விகள் அனுப்புங்கள்.